சொல்லும் பொருளும்: கால்வாயும் தோடும்

இத்திங்கள் நாம் ஆராய எடுத்துக்கொண்ட சொல்லை நமக்கு அளித்தவர், இப்பகுதியை விடாது படித்துவரும் அன்பர் ஒருவர். அவருடைய மகள் இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பயில்கிறாள்; தமிழை வீட்டில் கற்று வருகிறாள். சென்ற மழைக்காலத்தில் பாளையங்கோட்டையிலுள்ள தன் ஆச்சிக்கு அவள் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினாள். 'வீட்டுக்குப் பின்னால் தோட்டில் நிறைய வெள்ளம் வந்தது, நான் இறங்கி விளையாடினேன்' என்பது அதில் ஒரு வரி. ஆச்சி 'தோட்டில்' என்பதைத் 'தோட்டத்தில்' என்று படித்து, வீட்டுத் தோட்டத்துக்குள் பெருவெள்ளம் புகுந்துவிட்டது என்று அஞ்சி, அன்றிரவே தொலைபேசியில் அழைத்துவிட்டாராம். குழந்தை எழுதிய 'தோடு' மலையாளத் தோடு. 'வெள்ளம்' மலையாள வெள்ளம், அதாவது வெறும் தண்ணீர். கணுக்காலளவு நீரில் அவள் நின்றிருக்கிறாள், அவ்வளவே.

அன்பர் கேட்கும் கேள்வி இது: 'கனால் என்று இங்குள்ளோர் சொல்வதற்குத் தமிழில் கால்வாய் என்பதா, வாய்க்கால் என்பதா, ஓடை என்பதா? தோடு என்று குழந்தை எழுதினால் அடித்துத் திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா?' பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொதுவான கேள்வியாதலால், இதனைச் சற்று விரித்தே நோக்குவோம்.

முதலில் நம் சொற்கள். 'கால்' என்பதே நீர் செல்லும் வழிக்குத் தமிழில் உள்ள பழஞ்சொல். நடக்கும் உறுப்பும் கால், வீசும் காற்றும் கால், ஓடும் நீரின் வழியும் கால். இம்மூன்றிலும் இயக்கம் என்னும் பொருள் இழையோடுவதைக் காணலாம். 'காலுதல்' என்னும் வினைக்கு வெளிப்படுத்துதல், ஒழுகுதல் என்ற பொருள்களும் உண்டு. நீர்க்காலை அவ்வினையோடு சேர்த்துக் காண்பாரும் உளர். எங்ஙனமாயினும், தேங்கி நிற்பது காலாகாது, செல்வதே கால்.

'வாய்' என்பது திறப்பு. ஏரியின் மதகு, ஆற்றின் தலைமடை ஆகியவை நீருக்கு வாய். வாயிலிருந்து புறப்படும் கால் வாய்க்கால். காலுக்கு அமைந்த வாய் கால்வாய். இலக்கண முறையில் இவ்வாறு பிரிந்து நின்ற இரு சொற்களும் வழக்கில் ஒன்றாகிவிட்டன. ஆயினும் ஊருக்கு ஊர் விருப்பம் வேறு. தஞ்சைப் பகுதியிலும் ஈரோட்டுப் பகுதியிலும் வாய்க்கால் என்பதே நாவில் முந்தும். திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால், ஈரோட்டில் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற காலிங்கராயன் வாய்க்கால், அதே மாவட்டத்தில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால் எல்லாம் இதற்குச் சான்று. அளவிற் சிறியதே வாய்க்கால், பெரியதே கால்வாய் என்று பள்ளிப் பாடத்தில் சொல்லும் வேறுபாட்டை மக்கள் வழக்கு ஏற்கவில்லை என்பதற்குக் கீழ்பவானி ஒன்றே போதும்.

பொருநைக் கரைக்கு வந்தால், கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று கால்வாய் முந்துகிறது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் மருதூர் மேலக்கால், மருதூர் கீழக்கால், திருவைகுண்டம் வடகால், தென்கால் என்று பழைய 'கால்' ஒட்டுச் சொல் எதுவுமின்றித் தனித்தே வாழ்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல அப்பகுதியிலிருந்து வந்தவை. 'தென்கால் பாசனம்' என்று தம் பாட்டனார் சொல்லக் கேட்டோர், அச்சொல்லின் பழைமையை அறியாமலே அதைக் காத்து வந்திருக்கின்றனர்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்போர்க்கு மற்றொரு காட்சி கிடைக்கும. உத்தரமேரூர் போன்ற ஊர்களில் நிலத்தைக் குறிக்கும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று குறித்தனர். வதி என்பது பாதை. கண்ணாறு என்பது வாய்க்காலினின்று பிரியும் கிளை. நமக்கு இன்று தெருப்பெயரும் கதவு எண்ணும் எப்படியோ, அப்படி இருந்தது அவர்களுக்கு வாய்க்கால். ஒரு வயலின் முகவரியே நீர் வந்த வழிதான்.

இங்கே ஒரு நயம். தலைமதகு, வாய், கண்ணாறு, கால் என்று நீர்வழி முழுவதற்கும் நம்மவர் உடலுறுப்புகளின் பெயரையே சூட்டியுள்ளனர். மேலைநாட்டார் இதற்கு நேர்மாறு. அவர்கள் மண்ணில் வெட்டிய வழியின் பெயரை உடலுக்குக் கொண்டுபோயினர். காதின் துளையும் அவர்களுக்குக் கனால்; பல்லின் வேர்த்துளையும் கனால். பல் மருத்துவரிடம் சென்றுவந்த நம் வீட்டார் 'ரூட் கனால் செய்தார்கள்' என்பர். அங்கே கால்வாய் என்று மொழிபெயர்த்தால் நகைப்பாகும். உடலுக்குள் இருப்பதைக் குழல், குழாய், நாளம் என்பதே தமிழ் மரபு. வேர்க்குழாய் என்றால் போதும்.

ஆங்கிலத்தில் கனால், சானல் என இரண்டு சொற்கள் உள்ளனவே, அவை யாவை? இரண்டும் இலத்தீன் மொழியின் 'கனாலிஸ்' என்னும் ஒரே சொல்லின் மக்கள். அதன் அடி நாணலைக் குறிக்கும் 'கன்னா'. நாணல் உள்ளே துளையுடையது; எனவே குழாய்; எனவே நீர்வழி. பிரெஞ்சு மொழி வழியாக வெவ்வேறு காலங்களில் ஆங்கிலம் புகுந்ததால் ஒரு சொல் இரண்டாயிற்று. மனிதர் வெட்டியது கனால் என்றும், இயற்கையானதும் அடங்கப் பொதுவாகச் சானல் என்றும் பின்னர் வேறுபாடு கொண்டனர். 'கனால்' என்பதில் நம் 'கால்' ஒலிப்பதுபோல் தோன்றுவதைக் கொண்டு, அது தமிழிலிருந்து சென்றது என்று சொல்லத் துணிபவர்கள் உண்டு. ஓசை ஒத்திருத்தல் மட்டும் உறவாகாது. நாணலும் காலும் வெவ்வேறு குடியிற் பிறந்தவை.

அவ்வேறுபாடு சிறியதன்று. 1877-இல் மிலான் நகரத்து வானூலறிஞர் சியாபரெல்லி, செவ்வாய்க் கோளில் கோடுகள் சில கண்டு அவற்றை இத்தாலிய மொழியில் 'கனாலி' என்று குறித்தார். அம்மொழியில் அது இயற்கை வழியையும் வெட்டிய வழியையும் குறிக்கும். ஆங்கிலத்தார் அதைச் சானல் என்னாது கனால் என்று பெயர்த்தனர். கனால் என்றால் வெட்டியவர் ஒருவர் இருக்கவேண்டும் அன்றோ? அமெரிக்கராகிய பெர்சிவல் லோவெல் 1894-இல் அரிசோனாவில் வானாய்வு நிலையமே அமைத்து, செவ்வாயில் அறிவுடை மாந்தர் பாசனம் செய்கின்றனர் என்று நூல்கள் எழுதினார். 1965-இல் மாரினர் 4 என்னும் விண்கலம் அருகிற் சென்று படம் எடுத்தபோது கால்வாயும் இல்லை, வெட்டியவரும் இல்லை. அக்கற்பனை வளர்ந்ததற்கு ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பும் துணைநின்றது.

இவ்வகைத் தவறு நம்மிடமும் உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலை 'ஆங்கிலக் கால்வாய்' என்று பாடநூல்களிற் படித்தோம். மிகக் குறுகிய இடத்திலும் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் அகலமுடைய அக்கடலை எவரும் வெட்டவில்லை. நம் அருகிலுள்ளதைப் பாக் நீரிணை என்று அழகாக அழைக்கும் நாம், அதையும் நீரிணை என்னலாம். 1869-இல் திறக்கப்பெற்ற சூயசும், 1914-இல் திறக்கப்பெற்ற பனாமாவும் மெய்யான கால்வாய்கள். அவை மனித முயற்சி.

இனி, நாம் வாழும் மண்ணின் சொற்களுக்கு வருவோம். மலையாளத்தில் 'தோடு' என்பது சிற்றோடையையும் வயலிடை நீர்வழியையும் குறிக்கும். தமிழில் தோடு காதில் அணிவது. 'எங்கள் தோடு நிறைந்து ஓடுகிறது' என்றால் நெல்லை வீட்டுப் பெண்கள் திகைத்துக் காதைத் தொட்டுப் பார்ப்பர். ஆனால் இச்சொல் நமக்கு முற்றும் அயலானதன்று. தோண்டுதல் என்னும் வினையோடு அதற்கு உறவு உண்டு என்று திராவிட மொழிநூலார் கொள்வர். தோண்டியதால் தோடு. நாம் வினையை வைத்துக்கொண்டோம். அவர்கள் பெயரையும் வைத்துக்கொண்டனர். சிறு தோட்டைக் 'கைத்தோடு' என்பது இங்குள்ள வழக்கு. நாம் நீருக்குக் கால் வைத்தோம். அவர்கள் கை வைத்தனர்.

'ஓட' என்னும் மலையாளச் சொல் இன்னும் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. தமிழில் ஓடை என்றால் தெளிந்த சிறுநீரோட்டம். தாமரை மலர்வதாகவும் கவிஞர் பாடுவர். இங்கே ஓட என்பது தெருவோரச் சாக்கடை. கேசவதேவ் 1942-இல் எழுதிய 'ஓடயில் நின்னு' என்னும் புகழ்பெற்ற புதினத்தின் பெயரை 'ஓடையிலிருந்து' என்று பெயர்த்தால் கதையே மாறிவிடும். 'சாக்கடையிலிருந்து' என்பதே அதன் கருத்து. ரிக்‌ஷா இழுக்கும் ஓர் ஏழையின் கதை அது. 1965-இல் மலையாளத்திலும், 1971-இல் சிவாஜி கணேசன் நடிப்பில் 'பாபு' என்ற பெயரில் தமிழிலும் திரைப்படமாயிற்று. நாகர்கோவில் பக்கத்திலும் மழைநீர் ஓடை, கழிவுநீர் ஓடை என்று வழங்குவதால், எல்லைப்புறத்தார்க்கு இப்பொருள் புதிதன்று.

அந்நாஞ்சில் நாட்டில் மற்றொரு வேடிக்கை. அங்கே கால்வாய்க்குச் 'சானல்' என்றே பெயர். 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையை ஒட்டிய பாசனத்தில் தோவாளைச் சானல் உண்டு. நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு என்.பி. சானலாயிற்று, பத்மநாபபுரம் புத்தனாறு பி.பி. சானலாயிற்று. திருவிதாங்கூர் மராமத்துத் துறையின் ஏடுகளிலிருந்து இது மக்கள் நாவிற்கு இறங்கியது போலும். 'சானல் கரையில் வீடு' என்று நாஞ்சிலார் ஒருவர் சொன்னால், தொலைக்காட்சி நிலையத்தின் அருகில் என்று சென்னைவாசி எண்ணக்கூடும். ஆயினும் அதே நாட்டில் அனந்தனாறு, பாண்டியன்கால், பட்டணங்கால் என்ற தமிழ்ப் பெயர்களும் அழியாமல் நிற்கின்றன.

வெட்டிய வழியை 'ஆறு' என்பது கவனிக்கத் தக்கது. ஆறு என்றாலே தமிழில் வழி. எனவே இயற்கையானதும் ஆறு, வெட்டியதும் ஆறு. 1934-இல் திறக்கப்பெற்ற கல்லணைக் கால்வாயைத் தஞ்சை மக்கள் 'புது ஆறு' என்று அழைத்தனர். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1815 முதல் 1829 வரை திருவிதாங்கூரை ஆண்ட கௌரி பார்வதி பாயியின் காலத்தில், இந்நகரின் மேற்கே வெட்டப்பெற்ற கால்வாய்க்கும் அப்பெயரே சூட்டினர்: பார்வதி புத்தனாறு. கிள்ளியாற்று நீரைப் பத்மதீர்த்தக் குளத்திற்குக் கொணர்ந்த சிறு காலும் 'கொச்சாறு', அதாவது சிற்றாறு.

பார்வதி புத்தனாறு நம் குடும்பங்களின் வரலாற்றோடும் தொடர்புடையது. வள்ளக்கடவிலிருந்து சாக்கை, வேளி வழியாகக் கடினங்குளம் காயலைச் சென்றடைந்த இந்நீர்வழியே வடக்கிலிருந்து சரக்கு வந்த பெருவழி. வள்ளம் என்பது படகு; கடவு என்பது ஏறியிறங்கும் துறை, கடக்கும் இடம். அயல்நாடு செல்வோர் கையிலுள்ள கடவுச்சீட்டிலும் அதே கடவுதான் உள்ளது. வள்ளக்கடவில் இறங்கிய மூட்டைகள் சாலைக் கடைத்தெருவுக்குச் சென்றன. அக்கடைத்தெருவில் கணக்கெழுதியும் கடை நடத்தியும் சுமை தூக்கியும் வாழ்ந்த தமிழர் பலர். வர்க்கலைக் குன்று இடையில் தடுத்ததால், முன்பு அங்கே சரக்கை இறக்கித் தரைவழியே கடத்தினர். திவான் மாதவ ராவ் காலத்தில் குன்றைக் குடையும் வேலை தொடங்கி, 1880-இல் சுரங்கவழி நிறைவெய்தியபின் படகு தடையின்றிச் சென்றது. மாதவ ராவும் தஞ்சைத் தரணியினின்று வந்தவரே.

தெற்கே குமரி வரை இவ்வழியை நீட்ட விரும்பி 1860-இல் தொடங்கிய அனந்தன் விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் முற்றுப்பெறவில்லை. இறைவன் பெயரும், இங்கிலாந்து அரசியின் பெயரும், மன்னர் பெயரும் சேர்ந்த அந்நெடும் பெயரை மக்கள் ஏ.வி.எம். கால்வாய் என்று சுருக்கினர். அதனைப் படத் தயாரிப்பு நிலையத்தோடு இணைத்து எண்ணும் சிறுவர்களை நாம் அறிவோம்.

1918-இல் கொல்லத்திலிருந்து இருப்புப்பாதை சாக்கை வரை வந்தது. 1931-இல் தம்பானூரை அடைந்தது. வண்டி வந்தபின் வள்ளம் தளர்ந்தது. பின்னர்ச் சாலைகளும் பெருகவே, புத்தனாறு பாசியும் கழிவும் நிறைந்து தேங்கலாயிற்று. கோவளம் முதல் பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீர்வழி அமைக்கும் திட்டத்தின் பகுதியாக அண்மை ஆண்டுகளில் அதைத் தூர்வாரும் பணிகள் நடந்துள்ளன.

இப்போது அன்பரின் கேள்விக்கு விடை கூறலாம். மனிதர் வெட்டியது கால்வாய். வயலுக்குப் பாய்வதாயின் வாய்க்கால் என்பது மேலும் இனிது. தானாக ஓடுவது ஓடை. நிலத்தினிடையே கடல் குறுகிச் செல்வது நீரிணை. கழிவைக் கொண்டுபோகவென்றே கட்டியது சாக்கடை. இவற்றைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தோடு என்று எழுதியதற்காக அடித்தல் வேண்டா. படிப்பவர் யார் என்பதை எண்ணி எழுதப் பழக்கினாற் போதும். ஆச்சிக்கு எழுதும்போது ஓடையும் தண்ணீரும், பள்ளித் தோழிக்கு எழுதும்போது தோடும் வெள்ளமும். இரண்டு மொழியைக் கலந்தவள் என்று அவளைக் குறை கூறாமல், இரண்டு வீட்டுத் திறவுகோலும் உடையவள் என்று கருதுவோம். ஆனால் இடப்பெயரை மட்டும் மொழிபெயர்த்தல் ஆகாது. பார்வதி புத்தனாறு எந்நாட்டார்க்கு எழுதினும் பார்வதி புத்தனாறே.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. நகரின் நடுவே செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டைப் பலரும் அறிவர். மலையாளத்தில் 'இழயுக' என்றால் ஊர்தல். ஆமை ஊர்ந்து திரிந்த நீர் என்று அப்பெயர் நம் செவியில் ஒலிக்கிறது. வானாய்வு நிலையக் குன்றுப் பகுதியில் தோன்றி, தம்பானூரில் இரயில் நிலையத்தின் அடியிற் புகுந்து, கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் கலக்கும் ஓடை அது. 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் நகரத்து நீர்வழிகளைத் திருத்த முயன்றபோது அதுவும் பேசப்பட்டது. ஆயினும் நெகிழிக் குப்பை குறையவில்லை. 2024 ஜூலை 13-ஆம் நாள், இரயில் நிலையத்தின் அடியிற் செல்லும் பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவரை மழைநீர் இழுத்துச் சென்றது. பலரும் இரவு பகலாகத் தேடினர். மூன்றாம் நாள் அவர் உடலே கிடைத்தது.

அச்செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவோர் கனால் என்றனர். தமிழில் எழுதுவோர் கழிவுநீர்க் கால்வாய் என்றோ சாக்கடை என்றோ எளிதில் எழுதிவிடுவர். அது சாக்கடையாகப் பிறந்ததன்று. நாம் அனைவரும் சேர்ந்து ஆக்கியது. அதைச் சாக்கடை என்று அழைக்கும்போது, கையிலுள்ள பையை அதனுள் எறிவதற்கு ஒரு நியாயமும் கிடைத்துவிடுகிறது. சாக்கடையில் எறியாமல் வேறெங்கே எறிவது என்று மனம் சொல்லும். ஓடை என்றோ தோடு என்றோ சொன்னால் கை சற்றேனும் தயங்கும். எறிபவரின் பெயர் ஒருவருக்கும் தெரிவதில்லை. இறங்கி அள்ளுபவரோ தம் உயிரைக் கொடுக்கிறார். இந்நகரில் வாழும் நாமும் இப்பொறுப்பில் பங்குடையோம்; வந்த ஊர், சொந்த ஊர் என்னும் வேறுபாடு தோட்டு நீருக்குத் தெரியாது.

ஆகவே, விடுமுறை நாளொன்றில் பெற்றோர் தம் மக்களை வீட்டருகே ஓடும் நீர்வழிக்கு அழைத்துச் சென்று, அதன் பெயர் யாது, எங்கே தோன்றி எங்கே சேர்கிறது என்று கேட்டறியச் செய்வது நன்று. அகராதி புகட்டாததை அது புகட்டும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் சொந்த ஊரில் ஓடிய வாய்க்கால், கால், மறுகால், சானல் ஆகியவற்றின் பெயர்களை, அவை இன்று ஓடினும் ஓடாவிடினும், முதியோரிடம் கேட்டு நமக்கு எழுதியனுப்புக. ஊர்ப்பெயரையும், எந்த ஆற்றிலிருந்து அல்லது எந்த ஏரியிலிருந்து பிரிந்தது என்பதையும் குறித்தால் நலம். வருவனவற்றைத் தொகுத்து இப்பகுதியில் வெளியிடுவோம். அடுத்த திங்கள் 'சந்தை', 'அங்காடி', 'கடை' ஆகிய சொற்களைக் காண்போம்.